நீல அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்: நுகர்வோர் சட்டம், எளிய தமிழில்

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா ஒரு சம்பாப் பட்டத்துக்கு சி.ஆர். 1009 ரக நெல் விதை வாங்கினார். 30 கிலோ பை மூன்று. ஊறப் போட்டு, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி மூட்டம் போட்டார். பிரித்துப் பார்த்தால் பாதி நெல்தான் முளை காட்டியிருந்தது. மீதி போட்டது போட்டபடி கிடந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, "மூட்டத்துல சூடு ஏறியிருக்கும் அண்ணே, விதை மேல பழி போடாதீங்க" என்று பதில் வந்தது. இன்னொரு கடையில் கடன் சொல்லி வேறு விதை வாங்கி நாற்று விட்டார். பத்து நாள் பின்தங்கிவிட்டது.

அன்று சாயந்திரம் டீக்கடையில் இதுதான் பேச்சு. "கன்ஸ்யூமர் கோர்ட்டுல போடு" என்றார் ஒருவர். "வக்கீலுக்கு யாரு குடுக்கறது?" என்றார் இன்னொருவர். "அது கடையில டிவி, ஃபிரிட்ஜ் வாங்கறவங்களுக்கு. விவசாயிக்கு ஏது?" என்று ஒரு குரல். "பில்லு வெச்சிருக்கியா? இல்லைல்ல, விடு" என்று பக்கத்து வீட்டுக்காரர் முடித்துவைத்தார். பெரியப்பாவும் விட்டுவிட்டார்.

அங்கே பேசியவர்கள் எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள்தான். ஆனால் வக்கீல் கட்டாயமில்லை, விவசாயியும் நுகர்வோர்தான், பில் இல்லாவிட்டாலும் வழி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தது 1986-ல். அதற்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் இயற்றி, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை ஆண்டாகியும் டீக்கடை பெஞ்சு வரைக்கும் அது சரியாக வந்து சேரவில்லை. சட்டம் கடினம் என்பதால் இப்படி ஆகவில்லை. அதன் சொற்களை யாரும் நமக்குப் பிரித்துச் சொல்லவில்லை. ஐந்தாறு சொற்கள் புரிந்தால் மீதியை நீங்களே பிடித்துக்கொள்வீர்கள்.

காசு எந்தப் பக்கம் போனது?

முதல் சொல், நுகர்வோர். ஒரே விவசாயியை ஒரு வருஷம் முழுக்கப் பின்தொடர்ந்தால் இது சட்டென்று விளங்கும்.

ஆடிக் கடைசியில் அவர் விதைக் கடையில் நிற்கிறார். காசு அவர் பையிலிருந்து கடைக்குப் போகிறது. அங்கே அவர் நுகர்வோர். தை, மாசியில் அதே ஆள் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்கிறார். இப்போது காசு அவரை நோக்கி வருகிறது. இங்கே அவர் விற்பவர். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பினாலும், எடையில் குறைத்தாலும், அது நுகர்வோர் வழக்காகாது. அதற்கு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளர், விவசாயிகள் குறைதீர் கூட்டம், மாவட்ட ஆட்சியர் என்று வேறு பாதை. பாதை மாறிப் போய் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? விலை கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ வாங்குபவர் நுகர்வோர். முழு விலையும் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. பாதி கொடுத்து மீதியைத் தவணையில் கட்டினாலும், பிறகு தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் சரி. வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர். மகன் வாங்கிக் கொடுத்த மிக்சி புகைந்துபோனால் அம்மாவே புகார் கொடுக்கலாம்.

வாங்கி விற்பவர்களுக்கு இது பொருந்தாது. மொத்தக் கடையில் எடுத்து மளிகைக் கடையில் விற்பவர் அந்தச் சரக்கைப் பொறுத்தவரை நுகர்வோர் அல்ல. பெரிய அளவில் வியாபாரத்துக்கென்றே வாங்கும் இயந்திரமும் அப்படித்தான். ஆனால் சட்டம் இங்கே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தானே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அது வணிகம் ஆகாது. தையல் இயந்திரம் வாங்கித் தானே தைக்கும் அக்கா, ஆட்டோ வாங்கித் தானே ஓட்டும் தம்பி, இருவரும் நுகர்வோர்தான்.

விதைக்கும் இதே கேள்வி எழுந்தது. விவசாயி நெல்லை விற்கத்தானே போகிறார், அவர் எப்படி நுகர்வோர், விதைக்கென்று தனிச் சட்டம் இருக்கும்போது இங்கே ஏன் வருகிறார் என்று தேசிய விதைக் கழகமே உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே, விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது என்று தீர்ப்பு வந்தது. டீக்கடையில் "விவசாயிக்கு ஏது?" என்று கேட்டவருக்குப் பதில் இதுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காசு உங்களிடமிருந்து போயிருக்க வேண்டும். வாங்கியதை அப்படியே கைமாற்றி விற்பதற்காக வாங்கியிருக்கக் கூடாது. எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் சேவை பொதுவாக இதில் சேராது.

என்ன குறை என்று பெயர் சொல்லுங்கள்

"ஏமாத்திட்டாங்க" என்று சொன்னால் ஊர் புரிந்துகொள்ளும். சட்டம் இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்கும்: கெட்டது பொருளா, வேலையா, விற்ற விதமா?

பொருளே கெட்டிருந்தால் அது குறைபாடு. முளைக்காத விதை, வாங்கிய வாரமே காற்று வராத மின்விசிறி. தரம், அளவு, தூய்மை இவற்றில் எது இருக்க வேண்டிய அளவுக்கு இல்லையோ அது குறைபாடு.

செய்த வேலை கெட்டிருந்தால் சேவைக் குறைபாடு. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்கிறீர்கள், கூலி கொடுக்கிறீர்கள், நாலாம் நாள் புகைகிறது. மோட்டார் உங்களுடையதுதான், கெட்டது அவர் செய்த வேலை. காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் மருத்துவமனையும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி, காப்பீடு, கூரியர் எல்லாம் இந்த வகைதான்.

காப்பீடு என்றதும் டெல்டாவில் எல்லாருக்கும் பயிர்க் காப்பீடு நினைவுக்கு வரும். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். என் வயல் மூழ்கியது, பணம் வரவில்லை, அதனால் சேவைக் குறைபாடு என்று நேராகப் போய்விட முடியாது. பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலான இழப்பீடு, கிராமத்தையோ பிர்க்காவையோ ஓர் அலகாக வைத்து, அங்கே நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தச் சராசரி விழாவிட்டால், உங்கள் வயல் விழுந்திருந்தாலும் திட்டத்தின் நிபந்தனைப்படி தொகை வராமல் போகலாம். மனசுக்கு ஒப்பாத ஏற்பாடுதான். ஆனால் அது சேவைக் குறைபாடு ஆகாது. பிரீமியத்தைப் பிடித்துக்கொண்டு புல எண்ணைத் தப்பாகப் பதிந்து, "உங்க பேரே இல்லையே" என்று அலையவிட்டால் அது சேவைக் குறைபாடு. இரண்டையும் கலக்காமல் எழுதினால் உங்கள் புகாருக்கு வலு கூடும்.

மூன்றாவது, விற்ற விதம். இதற்குச் சட்டம் வைத்த பெயர் நேர்மையற்ற வணிக நடைமுறை. இல்லாத தரத்தை உண்டு என்று விளம்பரம் செய்வது இதில் வரும். பில் கொடுக்காததும் இதில்தான் வரும். பலருக்கு இது தெரியாது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுப்பதும் இதே தவறுதான். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பது, கெட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க வருபவரைத் தடுக்காது. ஆனால் புடவையின் நிறம் வீட்டில் பிடிக்கவில்லை என்பது குறைபாடு அல்ல. அதை மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனசு.

"யூரியா வேணும்னா இந்த நுண்ணூட்டப் பாட்டிலையும் எடுத்துக்குங்க" என்பது நம் பக்கம் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. ஒன்றை வாங்க இன்னொன்றைத் தலையில் கட்டுவதையும் சட்டம் தனியாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது: கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. தண்ணீர் நிற்கிற வயலுக்கு உரம் போட வேண்டிய அவசரத்தில் யார் வாதாடுவார்கள், உண்மைதான். அந்தப் பாட்டிலுக்கும் சேர்த்துப் பில் கேளுங்கள். அந்தப் பில்லோடு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் கடை உரிமத்தைப் பற்றிய விசாரணையாக அது மாறும்.

பொருள் கெட்டால் குறைபாடு. வேலை கெட்டால் சேவைக் குறைபாடு. விற்ற விதம் கெட்டால் வணிக நடைமுறைத் தவறு. மூன்றில் எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிப் புகார் முடிந்தது.

பையில் எழுதியிருப்பதை யார் படிப்பது?

வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை தெரிந்துகொள்ளும் உரிமை நுகர்வோருக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பொட்டலப் பொருள்களுக்கான விதிகளைப் பார்த்தால், தயாரித்தவர் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை போன்ற கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். தமிழ் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனக்கு இது மிகப் பெரிய குறையாகப் படுகிறது. நாகப்பட்டினத்தில் விற்கும் பொருளின் விவரம் நாகப்பட்டினத்துக்காரருக்குப் புரியாத மொழியில் இருந்தால், அந்த உரிமை அவரிடம் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

எல்லாருக்கும் புரியும்படி சொல்ல முடியாதா? முடியும், பல இடங்களில் செய்தும் இருக்கிறார்கள். பூச்சி மருந்து டப்பாவில் உள்ள வண்ண முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு எச்சரிக்கை சொல்லிவிடும். சைவ உணவுப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளியும் அப்படித்தான். நகையில் 916 என்று இருந்தால் 22 காரட் என்பது கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் பாட்டிகளுக்கும் தெரியும். இப்போது அதோடு ஆறு இலக்க எழுத்தெண் ஒன்றும் இருக்க வேண்டும்; ஒவ்வொரு நகைக்கும் தனி எண். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்தால் நகையின் தூய்மை விவரம் வரும்.

எம்.ஆர்.பி. பற்றியும் ஒரு வார்த்தை. அது அரசு நிர்ணயித்த விலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பொருள்களுக்கு அதை அச்சடிப்பது தயாரிப்பாளர்தான். எல்லா வரியும் அதிலேயே அடக்கம். அது உச்சவரம்பு என்பதால் அதற்குக் கீழே பேரம் பேசலாம். "கூலிங் சார்ஜ்" என்று அதற்கு மேல் இரண்டு ரூபாய் வாங்கினாலும் தவறு. இதற்கு வழக்குப் போட வேண்டிய தேவையில்லை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கே புகார் கொடுக்கலாம்.

ஆணியில் மாட்ட வேண்டியவை

பெரியப்பாவின் கதையில் தோற்றது சட்டம் அல்ல, சான்று. விதைப் பையை அன்றைக்கே கிழித்து மாட்டுக்கொட்டகைத் தட்டியில் கட்டிவிட்டார். பையின் வாயில் சேர்த்துத் தைத்திருந்த நீல அட்டை வரப்பில் மண்ணோடு போனது.

அந்த அட்டைதான் விதையின் பிறப்புச் சான்றிதழ். நீலம் என்றால் சான்று விதை. வெள்ளை என்றால் ஆதார விதை. ரகம், குவியல் எண், சோதித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அதில் இருக்கும். குவியல் எண் என்பது ஒரே தொகுப்பாகச் சுத்திகரித்துப் பையிட்ட விதைக்குக் கொடுக்கும் அடையாளம். அந்த எண் இருந்தால் அதே குவியலில் இருந்து வேறு யாருக்கு விதை போனது, அவர்களுக்கும் முளைக்கவில்லையா என்று தேட முடியும். சான்று நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதவீதம் என்பது விதி.

அதனால் ஊறப் போடும் முன்பே இதைச் செய்யுங்கள். பையிலிருந்து ஒரு கைப்பிடி விதையை எடுத்து அட்டையோடு சேர்த்துத் தனியாகக் கட்டி வையுங்கள். இன்னொரு நூறு நெல்லை எண்ணி, நனைத்த துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்துப் பிரித்து எண்ணுங்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். ஐம்பதுதான் என்றால், மூட்டத்தில் சூடு ஏறியது என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே விதை ஆய்வாளரைக் கூப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் விதைத்துவிட்டீர்கள், சோதனைக்கு விதையே மிச்சம் இல்லை என்றாலும் கதை முடியவில்லை. விவசாயி பரிசோதனைக்கென்று விதையை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை அதே 2012 தீர்ப்பு ஒப்புக்கொண்டது. வேளாண் வல்லுநர்கள் வயலைப் பார்த்து எழுதிய அறிக்கையும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்புறம், பில் இல்லையென்றால் கூகுள் பே ரசீது, உத்தரவாத அட்டை, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் உதவும். பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு: வழுவழுப்பான தாளில் வரும் மெஷின் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

லஸ்கரிடம் முதலில், ஆட்சியரிடம் அப்புறம்

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் நேராக மேட்டூருக்குப் போவதில்லை. மதகைத் திறக்கிற லஸ்கரிடம் கேட்போம். அவர் கையில் இல்லை என்றால் உதவிப் பொறியாளர், பிறகு ஆட்சியர். நுகர்வோர் புகாரும் இப்படித்தான் படிப்படியாக ஏறும்.

முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். பேசியது காற்றோடு போகும். எழுதியது சான்றாக நிற்கும். அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் நிறைய விஷயம் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இதைத்தான் ஊரில் கன்ஸ்யூமர் கோர்ட் என்கிறார்கள். யாரையும் பிடித்து உள்ளே வைப்பதற்காகப் போகும் இடம் இல்லை இது. உங்கள் இழப்பைச் சரிசெய்யும் இடம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அதற்கு மேலே மாநில, தேசிய ஆணையங்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. நிறுவனம் ஐதராபாத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. திருவாரூர் மாவட்டத்துக்காரர் திருவாரூரிலேயே கொடுக்கலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் கொடுக்கலாம், காணொலியில் விசாரணை கேட்கலாம். நீங்களே பேசலாம், வக்கீல் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம்.

புகாரை ஏற்றதும் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போகும். பதில் சொல்ல 30 நாள்; கூடுதலாக அதிகபட்சம் 15 நாள். பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டாம் என்றால் மூன்று மாதத்தில், சோதிக்க வேண்டும் என்றால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இதைவிட இழுப்பதுண்டு. மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். பொருளை மாற்றித் தருவது, பணத்தைத் திருப்பித் தருவது, இழப்பீடு, வழக்குச் செலவு என்று உத்தரவு வரலாம். கேட்ட தொகை அப்படியே வராது; காட்டிய இழப்புக்குத்தான் வரும். உத்தரவை மதிக்காவிட்டால்தான் சிறையோ அபராதமோ இரண்டுமோ.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய நாளிலிருந்து என்று தப்பாக எண்ணாதீர்கள். ஒன்றரை வருஷம் ஓடி, உத்தரவாதக் காலத்துக்குள் கெட்ட மோட்டாருக்குக் கணக்கு, கெட்ட அன்றுதான் தொடங்கும்.

முதல் கடிதம்

பெரியப்பா அன்று எழுதியிருக்க வேண்டிய கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, இந்த மாதம் 5-ம் தேதி உங்கள் கடையில் சி.ஆர். 1009 சான்று விதை 30 கிலோ பை மூன்று, இன்ன விலைக்கு வாங்கினேன். குவியல் எண் இது. 12-ம் தேதி பிரித்துப் பார்த்ததில் பாதி முளைக்கவில்லை. அட்டையும் மாதிரி விதையும் என்னிடம் உள்ளன. இது பொருளின் குறைபாடு. விதை விலையும், வேறு விதை வாங்கிய செலவும் 15 நாளுக்குள் தர வேண்டுகிறேன். இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

கடைக்கு ஒன்று, விதை உற்பத்தி செய்த நிறுவனத்துக்கு ஒன்று, ஸ்பீடு போஸ்ட்டில். நகலும் தபால் ரசீதும் வீட்டில்.

இதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கோர்ட்டு பாஷை ஒண்ணுமே இல்லையே" என்றார். பிறகு இந்த வருஷம் வாங்கி வைத்திருந்த விதைப் பையைத் திண்ணைக்கு இழுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "குவியல் எண்ணு இதுல எதுடா?" என்று கேட்டார்.